ஒரு பழைய ஆங்கிலேயச் செங்கல் மாளிகையைப் படிப்பது எப்படி? ஆக்ஸ்பரா ஹாலை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

இங்கிலாந்தின் பழைய நாட்டுப்புற மாளிகைகளுக்கு டிக்கெட் எடுத்துப் போகிறவர்களில் பெரும்பாலோர் கட்டில், திரைச்சீலை, ஓவியம், வெள்ளிப் பாத்திரம் எல்லாம் பார்த்துவிட்டு வருவார்கள். வீட்டை மட்டும் பார்த்திருக்க மாட்டார்கள். வாசலில் தரும் தாளில் '1482' என்று ஒரு வருஷம் அச்சாகியிருக்கும். அதைப் படித்த மாத்திரத்தில் கண்ணில் படும் ஒவ்வொரு செங்கல்லுக்கும் 1482 என்று பிறந்த தேதி எழுதிவிடுவோம்.

அப்படி ஒரே வருஷத்தில் பிறந்து அப்படியே நிற்கும் மாளிகை அநேகமாகக் கிடையாது. பல தலைமுறை குடியிருந்த வீட்டில் இடிப்பார்கள், சேர்ப்பார்கள், பணம் தீர்ந்தால் பாதியில் நிறுத்துவார்கள். அப்புறம் ஒரு பேரன் வந்து, தாத்தா காலத்தில் இருந்ததைவிடப் பழையதாகத் தெரியும்படி திருத்திக் கட்டுவான். இந்தக் கடைசி ஆள்தான் நம்மை நன்றாக ஏமாற்றுகிறவன். 'அடடா, என்ன பழமை!' என்று சொல்ல வைக்கும் பகுதி, பல வீடுகளில் 19-ஆம் நூற்றாண்டு வேலை.

ஆகவே தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டுச் சுவரைப் படிக்கப் பழக வேண்டும். அதற்கு நான் சிபாரிசு செய்யும் பாடப்புத்தகம் நார்ஃபோக் பகுதியில், ஸ்வாஃபம் என்ற சிறு நகரத்துக்குத் தென்மேற்கே உள்ள ஆக்ஸ்பரா ஹால். 15-ஆம் நூற்றாண்டு அசலும், 18-ஆம் நூற்றாண்டு இடிப்பும், 19-ஆம் நூற்றாண்டு அலங்காரமும், நம் காலத்துப் பழுதுபார்ப்பும் ஒரே முற்றத்தைச் சுற்றி நிற்கும் இடம் அது. பெடிங்ஃபீல்டு குடும்பத்தார் கட்டியது. இன்று, பழைய மாளிகைகளைக் காக்கும் அறக்கட்டளையான நேஷனல் டிரஸ்ட் பராமரிப்பில் இருந்தாலும் அந்தக் குடும்பத்தார் ஒரு பகுதியில் இன்னும் குடியிருக்கிறார்கள்.

கையில் எடுத்துப் போக வேண்டியவை மூன்றே: ஒரு சின்ன அளவு டேப், பைனாகுலர் (போன் கேமராவின் ஜூமும் போதும்), வீட்டின் தரைப்படம். சுவரைச் சுரண்டவோ, சாந்தைக் கிள்ளிப் பார்க்கவோ கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

படி 1: வீட்டைப் பார்க்கும் முன் மண்ணைப் பாருங்கள்

முதல் கேள்வி: இங்கே ஏன் செங்கல்?

இங்கிலாந்தில் நல்ல கட்டுமானக் கல் கிடைக்கும் ஊர்களில் பெரிய வீடுகள் கல்லால்தான் எழுந்தன. கிழக்கு இங்கிலாந்தின் கதை வேறு. நார்ஃபோக்கில் வயலை உழுதால் கிடைப்பது சக்கிமுக்கிக் கல். அதைச் சாந்தில் பதித்துச் சுவர் எழுப்பலாம். ஆனால் மூலை திருப்பவும் ஜன்னலுக்கு நிலை வைக்கவும் அது தோதுப்படாது. நல்ல கல் வேண்டுமென்றால் படகில் வரவழைக்க வேண்டும், செலவு எகிறும். களிமண்ணுக்கோ பஞ்சமில்லை. கடலைத் தாண்டினால் நெதர்லாந்தும் பிளாண்டர்ஸும். செங்கல்லை வைத்தே நகரங்கள் கட்டிய தேசங்கள் அவை. அங்கிருந்து வணிகத்தோடு கைவினைஞர்களும் வந்தார்கள்.

ரோமானியர்கள் பிரிட்டனில் செங்கல் சுட்டார்கள். அவர்கள் போன பிறகு அந்தத் தொழில் பல நூற்றாண்டுகள் படுத்துவிட்டது. இடிந்த ரோமானியக் கட்டடங்களின் செங்கல்லைப் பிடுங்கி மறுபடி பயன்படுத்தியதுதான் நடந்தது; செயின்ட் ஆல்பன்ஸ் தேவாலயக் கோபுரத்தில் அதை இன்றும் பார்க்கலாம். புதிதாகச் சுட்ட செங்கல் மெல்லத் திரும்பி வந்தது. சஃபோக்கில் உள்ள லிட்டில் வென்ஹம் ஹால், 13-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கட்டியது, இங்கிலாந்தில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய செங்கல் வீடுகளில் ஒன்று. 15-ஆம் நூற்றாண்டில்தான் செங்கல் பெரிய மனிதர்களின் பொருள் ஆயிற்று. ஆறாம் ஹென்றியின் கருவூல அதிகாரி ரால்ஃப் கிராம்வெல் 1430-களில் தொடங்கிய டாட்டர்ஷால் கோபுரம், 1441-ல் சர் ரோஜர் ஃபைன்ஸ் தொடங்கிய ஹெர்ஸ்ட்மன்சூ ஆகியவை அந்த அலையில் வந்தவை. அந்த நாளில் செங்கல் என்பது கல் வாங்க வக்கில்லாதவன் கட்டுவதல்ல, புது மோஸ்தர். இதை மனதில் வைத்துக்கொண்டு உள்ளே போங்கள்.

படி 2: நுழைவுக் கோபுரத்தின் முன் நின்று, 'இது கோட்டையா?' என்று கேளுங்கள்

ஆக்ஸ்பராவில் முதலில் கண்ணை நிறைப்பது அகழியும், அதிலிருந்து நேரே எழும் இரட்டைக் கோபுர வாயிலும். சுமார் 80 அடி உயரம். எட்டுப் பட்டைக் கோபுரங்கள் இரண்டு, நடுவில் வளைவு வாசல், உச்சியில் கொத்தளப் பல்வரிசை.

சர் எட்மண்ட் பெடிங்ஃபீல்டு இதற்கு நான்காம் எட்வர்டிடம் 1482-ல் அனுமதி வாங்கினார். வீட்டுக்குக் கொத்தளம் வைக்க அரசரின் அனுமதி வேண்டும் என்பது அப்போதைய நடைமுறை. அரியணைக்காக நடந்த உள்நாட்டுச் சண்டைகளான ரோஜாப் போர்கள் ஓயாத காலம் என்பதால் இதைத் தற்காப்பு ஏற்பாடு என்று நினைக்கத் தோன்றும். கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். வாசலுக்கு மேலே, சுடத் தோதான இடத்தில், அகலமான ஜன்னல்கள். கோபுரப் பட்டைகளில் அடுக்கடுக்காக வெறும் அலங்காரக் குருட்டு வளைவுகள். பீரங்கி வந்துவிட்ட காலத்தில் இந்தச் செங்கல் சுவர் அதிக நேரம் தாங்கியிருக்காது. ஒரு திருட்டுக் கும்பலையோ, ஆத்திரத்தில் வரும் அக்கம்பக்கத்து எதிரியையோ வாசலில் நிறுத்தி வைக்கலாம், அவ்வளவுதான். மற்றபடி இது அந்தஸ்து. அனுமதிப் பத்திரமே ஒரு பட்டம் மாதிரி.

அந்தக் காலத்துச் செங்கல் மாளிகைகளில் வாயிலை மட்டும் வானளாவக் கட்டுவது ஒரு பித்தாகவே இருந்தது. அதன் உச்சம் எசெக்ஸில் உள்ள லேயர் மார்னி. 1520-களில் முதலாம் லார்டு மார்னி அங்கே ஆக்ஸ்பராவைப் போலவே 80 அடிக்கு வாயில் எழுப்பினார். 1523-ல் அவர் இறந்தார், 1525-ல் மகனும் இறந்தார். ஆண் வாரிசு இல்லை. பின்னால் வரவேண்டிய பிரதான வீடு வரவே இல்லை. கோபுரமும் பக்கத்துக் கட்டடங்களும் மட்டும் நிற்கின்றன.

படி 3: சுவரிடம் போங்கள், ஒரு முழ தூரத்தில் நில்லுங்கள்

இந்தப் படிதான் எல்லாவற்றிலும் முக்கியம். அரை மணி நேரமாவது இதற்கு ஒதுக்குங்கள்.

*கல்லின் கனம்.* ஒற்றைக் கல்லை அளந்தால் குழப்பும், கைவேலைக் கல் ஒன்றுபோல் ஒன்று இருக்காது. நான்கு வரிசைகளைச் சாந்தோடு சேர்த்துக் கீழிருந்து மேலாக அளந்துகொள்ளுங்கள். 15, 16-ஆம் நூற்றாண்டுச் சுவரில் கல் சுமார் 2 அங்குலக் கனம், சாந்துக் கோடு தடிமன். நான்கு வரிசைக்கு 25 முதல் 28 சென்டிமீட்டர் வரும். 19-ஆம் நூற்றாண்டில் கல் 3 அங்குலத்துக்கு வளர்ந்து, சாந்து மெலிந்துவிட்டது. அதே நான்கு வரிசை 30 முதல் 33 சென்டிமீட்டர். கல் ஏன் வளர்ந்தது? ஒரு காரணம் வரி. அமெரிக்க விடுதலைப் போரின் கடனை அடைக்க 1784-ல் செங்கல்லுக்கு எண்ணிக்கைக் கணக்கில், ஆயிரத்துக்கு இத்தனை என்று, வரி போட்டார்கள். எண்ணிக்கைக்கு வரி என்றால் கல்லைப் பெரிதாக்குவதுதானே புத்திசாலித்தனம்! மெஷம் என்ற ஊரில் ஜோசப் வில்க்ஸ் என்பவர் ஏறக்குறைய இரு மடங்குக் கல்லே அறுத்தார்; அவை நிற்கும் கட்டடங்கள் அங்கே இன்னும் உண்டு. 1803-ல் அரசு விழித்துக்கொண்டு பெரிய கல்லுக்கு இரட்டை வரி விதித்தது. செங்கல் வரி 1850-ல்தான் ஒழிந்தது.

*உருவம்.* பழைய கல்லின் விளிம்பு நேராக இருக்காது. மேல்பரப்பில் புல் பதிந்த தடம், மரச்சட்டம் இழுத்த கோடு, உள்ளே சிறு கூழாங்கல் எல்லாம் தெரியும். இலையுதிர் காலத்தில் மண்ணை வெட்டிக் குவித்து, குளிர்காலம் முழுக்க உறைபனியில் உடைய விட்டு, வசந்தத்துக்குப் பிறகு அச்சில் அறுத்து, காய வைத்து, விறகுத் தீயில் சுட்டார்கள். உறைபனியை நீக்கிவிட்டால் நம்மூர் நாட்டுச் செங்கல் சூளையில் நடப்பதுதான். சூளையில் தீக்கு அருகே இருந்த கல் கருத்து, அதன் தலைப்பக்கம் (குட்டையான முனைப்பக்கம்) கண்ணாடி பூத்து நீலக்கறுப்பாகிவிடும். வீணாய்ப் போனது என்று ஒதுக்காமல் அதைத் தனியே எடுத்து வைத்தார்கள் என்பதுதான் ரசிக்க வேண்டிய விஷயம். அந்தக் கறுத்த தலைகளை வரிசையில் இடம் பார்த்து வைத்துச் சிவப்புச் சுவரில் வைரக் கட்டங்கள் வரைந்தார்கள்.

லெஸ்டர்ஷயரின் கெர்பி மக்ஸ்லோ கோட்டையில் இந்தக் கைவேலை கதையே சொல்கிறது. ஹேஸ்டிங்ஸ் பிரபு 1480-ல் கட்டத் தொடங்கினார். அவருடைய பெயரின் முதல் எழுத்துகளும், ஒரு கப்பலும், குடும்பச் சின்னமான சட்டைக்கையும் கறுத்த கற்களால் சுவரில் இருக்கின்றன. 1483-ல் மூன்றாம் ரிச்சர்டாக முடிசூடப் போகிறவர் அவர் தலையை வெட்டினார். வேலை அடுத்த ஆண்டோடு நின்றது. பெயரைச் சுவரில் எழுதும் வரைதான் அவருக்கு ஆயுள் இருந்தது.

*அடுக்கு.* பாலிடெக்னிக்கில் சிவில் படித்தவர்களுக்கு இங்கிலீஷ் பாண்ட், பிளமிஷ் பாண்ட் இரண்டும் பரீட்சைக் கேள்வி. இங்கே அவை தேதி சொல்லும் கருவிகள். ஒரு வரிசை முழுக்கக் கல்லின் நீளப்பக்கம், அடுத்த வரிசை முழுக்கத் தலைப்பக்கம் என்றால் இங்கிலீஷ் பாண்ட். டியூடர் அரசர்கள் ஆண்ட காலத்தின் (1485-1603) வழக்கம் இதுதான். ஒரே வரிசையில் நீளமும் தலையும் மாறி மாறி வந்தால் பிளமிஷ் பாண்ட். லண்டன் கியூ தோட்டத்தில் 1631-ல் கட்டிய டச்சு ஹவுஸ் அதன் தொடக்கக் காலச் சாட்சி. அதற்குப் பிறகுதான் அது நாகரிகம் ஆயிற்று. ஆகவே '15-ஆம் நூற்றாண்டு' என்று சொல்லும் சுவரில் ஒழுங்கான பிளமிஷ் பாண்ட் தெரிந்தால் அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், யாரோ பின்னால் கை வைத்திருக்கிறார்கள்.

இதற்கு ஒரு எச்சரிக்கை உண்டு. கல் பழையது என்பதால் சுவர் பழையதாகிவிடாது. ஹாட்ஃபீல்டு ஹவுஸை எடுத்துக்கொள்ளுங்கள். அரசர் முதலாம் ஜேம்ஸ் 1607-ல் தன் அமைச்சர் ராபர்ட் செசிலின் தியோபால்ட்ஸ் மாளிகையை எடுத்துக்கொண்டு பதிலுக்கு ஹாட்ஃபீல்டைக் கொடுத்தார். செசில் அங்கிருந்த 15-ஆம் நூற்றாண்டு அரண்மனையின் மூன்று பக்கங்களை இடித்து, அந்தக் கல்லையும் போட்டுப் புது வீடு கட்டினார். அளவு டேப் மட்டும் வைத்திருப்பவர் அங்கே தேதியைத் தப்பாகத்தான் சொல்வார். கல், அடுக்கு, சாந்து மூன்றும் ஒரே காலத்தைச் சொன்னால் நம்பலாம்.

*தையல் கோடு.* சுவரில் மேலிருந்து கீழாக ஒரு நேர்க்கோடு, இருபக்கக் கற்களும் ஒன்றுக்குள் ஒன்று கோக்காமல் நிற்கின்றனவா? இரண்டு வெவ்வேறு காலத்துச் சுவர்கள் அங்கே சந்திக்கின்றன. ஜன்னலைச் சுற்றி வெட்டுப்பட்ட அரைகுறைக் கற்கள் தெரிந்தால், அந்த ஜன்னல் பின்னால் குடைந்து வைத்தது. ஒழுங்கான இடைவெளியில் அரைக்கல் அளவுக்கு அடைத்த துளைகள் தெரிந்தால், அவை சாரக்கட்டைகள் செருகிய இடங்கள்.

*சாந்து.* பழைய சுண்ணாம்புச் சாந்து வெளுத்து, கொஞ்சம் பொரபொரவென்று, நடுவில் கரையாத வெள்ளைச் சுண்ணாம்புக் கட்டிகளோடு இருக்கும். சாம்பல் நிறத்தில் இறுகிப்போய் இருந்தால் அது சிமெண்ட். போர்ட்லாண்ட் சிமெண்ட் காப்புரிமை பெற்றதே 1824-ல்தான். பழைய சுவரில் சிமெண்ட் பூசியவர்கள் நல்லது நினைத்துத்தான் செய்தார்கள், விளைவு மோசம். சுண்ணாம்பு ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடும். சிமெண்ட் வழியை அடைத்துவிடும். அடைபட்ட தண்ணீர் மெத்தென்ற பழைய கல் வழியாகத்தான் வெளியேற முடியும். உறைபனிக் காலத்தில் அது கல்லுக்குள்ளேயே உறைந்து விரிந்து முகத்தைப் பொரித்துத் தள்ளிவிடும். சாந்துக் கோடு துருத்திக்கொண்டும் கல் குழிந்தும் நிற்கும் சுவரைப் பார்த்தால் காரணம் இதுதான். இன்றைய பழுதுபார்ப்பில் சிமெண்டைப் பொறுமையாக நீக்கி மறுபடி சுண்ணாம்பு வைக்கிறார்கள்.

படி 4: சுழல் படிக்கட்டில் ஏறுங்கள்

ஆக்ஸ்பராவின் கோபுரம் ஒன்றுக்குள் செங்கல்லிலேயே சுழன்று ஏறும் படிக்கட்டு இருக்கிறது. படி செங்கல், மேல்கூரை செங்கல், கைப்பிடியும் செங்கல். கைப்பிடி என்றால் தனியாகப் பொருத்திய கம்பி இல்லை. விரல் பற்றுவதற்குத் தோதாக வளைத்துச் செய்த கற்களைச் சுவருக்குள் குழிவாகப் பதித்து, சுழலோடு சுழலாக மேலே கொண்டுபோயிருக்கிறார்கள். கையை வைத்தால் கல்லின் வளைவு உள்ளங்கையில் சரியாக உட்காரும். தலைக்கு மேலே பார்த்தால் ஒவ்வொரு கல்லும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிக்கொண்டே போவது தெரியும். முழுவதும் 1480-களின் வேலை. இந்த வீட்டில் ஒரே ஒரு இடம் பார்க்க நேரம் இருந்தால் நான் இதைத்தான் சொல்வேன்.

மேலே இருக்கும் அறைக்கு 'ராஜா அறை' என்று பெயர். ஏழாம் ஹென்றி 1487-ல் வந்து தங்கியதை ஒட்டி வந்த பெயர்.

அதற்குப் பக்கத்தில், பழைய கழிப்பறையாக இருந்த சிறு இடத்தில், தரை ஓட்டோடு ஓடாக ஒரு மறைகதவு. அதைத் தூக்கினால் ஓர் ஆள் சுருண்டு உட்காரும் பொந்து. கத்தோலிக்கப் பாதிரிமாரை ஒளித்து வைக்கக் கட்டியது. முதலாம் எலிசபெத் காலத்தில் நாடு புரொட்டஸ்டண்ட் ஆன பிறகும் பெடிங்ஃபீல்டுகள் பழைய மதத்தை விடவில்லை. இதில் ஒரு வினோதம்: 1554-ல் ராணி மேரி தன் தங்கை எலிசபெத்தைச் சிறை வைத்தபோது காவலுக்குப் போட்ட ஆள் சர் ஹென்றி பெடிங்ஃபீல்டு. நான்கே வருஷத்தில் கைதி ராணியாகிவிட்டார். குடும்பத்துக்கு அரசவைச் செல்வாக்கு போனது, அபராதங்கள் வந்தன. இதைக் கட்டடக் கலையோடு சேர்த்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. செல்வாக்கான குடும்பமாக இருந்திருந்தால் 17-ஆம் நூற்றாண்டில் பழைய கோபுரத்தை இடித்துவிட்டுப் புது மோஸ்தரில் கட்டியிருப்பார்கள். மாளிகைகளைப் பல சமயம் காப்பாற்றியது ரசனையைவிடக் கைமுடைதான்.

படி 5: முற்றத்தில் நின்று, இல்லாததைத் தேடுங்கள்

இந்தக் காலத்து மாளிகையின் தரைப்படத்துக்கு ஒரு வரிசைமுறை உண்டு. வாயிலைத் தாண்டினால் முற்றம். எதிர்ப்பக்கம் பெருங்கூடம்: எல்லோரும் சேர்ந்து சாப்பிடும் உயரமான அறை. அதன் ஒரு முனையில் தட்டி மறைத்த நடை, அதற்கு அப்பால் சமையற்கட்டும் பண்டக அறையும். மறு முனையில் மேடை, அதை ஒட்டி எஜமானரின் தனியறைகள். எந்தப் பழைய மாளிகைக்குப் போனாலும் 'கூடம் எங்கே?' என்று முதலில் கேளுங்கள். அது பிடிபட்டால் மற்றது தானாக விளங்கும்.

ஆக்ஸ்பராவில் தேடினால் கிடைக்காது. வாயிலுக்கு நேர் எதிரே, தெற்குப் பக்கத்தில் இருந்த பெருங்கூடத்தை 1775-ல் இடித்துவிட்டார்கள். சேர்ந்து சாப்பிடும் வழக்கம் போய், குடும்பம் சிறு சிறு அறைகளுக்கு ஒதுங்கியிருந்த காலம். சூடேற்றவும் முடியாத, பயன்படுத்தவும் ஆளில்லாத ஒரு பெரிய அறையைச் செலவு செய்து நிறுத்தி வைக்க அவர்களுக்கு மனம் வரவில்லை. இன்று பார்க்கிறவருக்கு முற்றம் திறந்து வெளிச்சமாக இருக்கிறது, அழகாகவும் இருக்கிறது. ஆனால் வீட்டின் இதயம் இருந்த இடம் அது.

ஹெர்ஸ்ட்மன்சூவில் இது இன்னும் பெரிய அளவில் நடந்தது. 1777-ல் உள்கட்டடங்களை முழுவதுமாகப் பிரித்து, பொருளை அருகில் புது வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். வெளிச்சுவர் மட்டும் ஓடாக நின்றது. இப்போது உள்ளே தெரிவது 20-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் எழுப்பியது. வெளியே 1441, உள்ளே 1930-கள். படத்தில் பார்த்தால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

படி 6: ஜன்னல்கள்

இது சுருக்கமாக. கல் சட்டங்களால் பிரித்த, சிறு கண்ணாடிகள் ஈயக் கம்பியில் கோத்த ஜன்னல் பழைய பாணி. மேலும் கீழும் வழுக்கித் திறக்கும் மரச்சட்ட ஜன்னல் 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்தது. அடைத்த ஜன்னலைப் பார்த்தவுடன் வழிகாட்டிகள் 'ஜன்னல் வரி' என்பார்கள். 1696 முதல் 1851 வரை ஜன்னல்களின் எண்ணிக்கைக்கு அந்த வரி இருந்தது உண்மைதான். ஆனால் வெளித்தோற்றத்தில் இரு பக்கமும் ஒத்து வரவேண்டும் என்பதற்காகத் தொடக்கத்திலேயே குருட்டு ஜன்னலாகக் கட்டியவையும் ஏராளம். அடைப்புக் கல்லும் சுற்றுச் சுவரும் ஒரே மாதிரி இருந்தால் வரிக் கதையை நம்ப வேண்டாம்.

படி 7: தலையைத் தூக்கிப் புகைபோக்கிகளைப் பாருங்கள்

எல்லோரும் படமெடுக்கும் காட்சி இது. முறுக்கியும் பின்னியும் நட்சத்திரக் கொம்புகளாகவும் நிற்கும் புகைபோக்கிகள். 'டியூடர் என்றால் இதுதான்' என்று தோன்றும். ஆக்ஸ்பராவில் அந்த அலங்காரப் புகைபோக்கிகள் 19-ஆம் நூற்றாண்டுக்குரியவை.

1829-க்குப் பிறகு கத்தோலிக்கர்கள் மீதான சட்டத் தடைகள் பெரும்பாலும் நீங்கின. நல்ல வாரிசுத் திருமணங்களால் பணமும் வந்திருந்தது. ஆறாம் பாரனெட் சர் ஹென்றி 1830-களில் ஜான் செஸல் பக்லர் என்ற கட்டடக் கலைஞரை அமர்த்தினார். பக்லர் லேசான ஆள் இல்லை. 1836-ல் நாடாளுமன்றக் கட்டடத்துக்கு நடந்த போட்டியில் சார்லஸ் பேரிக்கு அடுத்ததாக வந்தவர். பழைய கட்டடங்களை வரைந்து வரைந்து பழகிய கை. ஆக்ஸ்பராவுக்கு அவர் ஒரு கோபுரம் சேர்த்தார், பிதுங்கி நிற்கும் ஜன்னல் வைத்தார், சுடுமண் புகைபோக்கிகளை ஏற்றினார். 'நாங்கள் என்றைக்கும் இங்கேதான் இருந்தோம், மதத்தை மாற்றாமல்' என்று குடும்பம் ஊருக்குச் சொல்ல விரும்பியதை அவர் செங்கல்லில் சொல்லிக் கொடுத்தார்.

இந்த வேலைகளைப் போலி என்று ஒதுக்கும் கட்சியில் நான் இல்லை. பிரித்தறியத் தெரிந்தால் போதும். பைனாகுலரில் பாருங்கள்: டியூடர் கைவேலையில் ஒரு புகைபோக்கிக்கும் அடுத்ததற்கும் சின்னச் சின்ன வேறுபாடு இருக்கும், முறுக்கு ஓரிடத்தில் தடுமாறும். 19-ஆம் நூற்றாண்டில் ஒரே அச்சில் வார்த்தார்கள். விளிம்பு கூர்மை, நிறம் சீர், திரும்பத் திரும்ப அதே வடிவம். நார்ஃபோக்கிலேயே காஸ்ஸி என்ற ஊரில் கன்டன் என்பவரின் சூளை இப்படி அலங்காரக் கற்களை விற்பனைக்கு வார்த்துத் தள்ளியது. அதாவது பழமைக்கு ஒரு தொழிற்சாலை இருந்தது!

படி 8: கூரையும் பரணும்

பார்வையாளர்களுக்குப் பெரும்பாலும் திறக்காத பகுதி. ஆனாலும் வெளியிலிருந்து கூரைக் கோடு வளைந்திருக்கிறதா, ஓடுகளின் நிறம் எங்கே மாறுகிறது என்று பாருங்கள்.

ஆக்ஸ்பராவில் 2016-ல் கூரை ஜன்னல் ஒன்று முற்றத்தில் இடிந்து விழுந்தது. ஆய்ந்து பார்த்ததில் மற்றவையும் அதே கதியில் இருந்தன. சுமார் 60 லட்சம் பவுண்டு செலவில் கூரை வேலை தொடங்கியது. 2020-ல் பரணின் பலகைகளைத் தூக்கியபோது கிடைத்ததுதான் ஆச்சரியம். எலிக்கூடுகளுக்குள் 200-க்கும் மேற்பட்ட துணித் துணுக்குகள். 1568-ல் அச்சான ஒரு பிரார்த்தனைப் புத்தகம், அநேகமாகச் சேதமில்லாமல். 15-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தோல்தாள் துண்டு ஒன்று, பொன்னும் நீலமும் மங்காமல், லத்தீன் சங்கீதம் எழுதியது. இரண்டாம் உலகப் போர்க் காலத்துச் சாக்லேட் பெட்டியும் கூட. அங்கே படிந்த தூசும் சுண்ணாம்புப் பூச்சும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டதால்தான் இவை மக்காமல் இருந்தன என்றார்கள். சாந்தைப் பற்றிச் சொன்னதை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள்.

படி 9: 'இது ஏன் இன்னும் நிற்கிறது?' என்று கேளுங்கள்

இருபதாம் நூற்றாண்டில் மரண வரியாலும் (சொத்துக்காரர் இறந்தால் வாரிசு கட்டுவது), வேலையாட்கள் கிடைக்காததாலும், இரண்டு போர்களாலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாட்டுப்புற மாளிகைகள் இங்கிலாந்தில் இடிந்துபோயின. நிற்கும் ஒவ்வொன்றுக்கும் பின்னால் யாரோ ஒருவருடைய பிடிவாதம் இருக்கும்.

டாட்டர்ஷால் கோபுரத்தைக் காப்பாற்றியது நமக்குத் தெரிந்த ஆள், முன்னாள் வைஸ்ராய் கர்சன். இந்தியாவில் 1904-ல் தொல்சின்னப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்த அவர், 1911-ல் டாட்டர்ஷாலின் கணப்படுப்பு முகப்புகளைப் பெயர்த்து விற்றுவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு, கோபுரத்தையே வாங்கினார். முகப்புகளைத் தேடிப் பிடித்துத் திரும்பப் பொருத்தினார். பிரிட்டனின் 1913-ஆம் ஆண்டுத் தொல்சின்னச் சட்டத்துக்கு அந்த விவகாரம் ஒரு தூண்டுதல். பிளிக்லிங் ஹால், ஹாட்ஃபீல்டைக் கட்டிய ராபர்ட் லைமிங்கின் இன்னொரு செங்கல் வேலை, 1940-ல் லார்டு லோதியன் இறந்தபோது உயில்படி நேஷனல் டிரஸ்டுக்கு வந்தது.

ஆக்ஸ்பரா விற்பனைக்கு வந்தது 1951-ல். வாங்கியவர்கள் இடிக்கும் எண்ணத்தில் இருந்தார்கள். சிபில் சீமாட்டியும் குடும்பத்தின் வேறு இரு பெண்களும் தங்கள் வீடுகளை விற்றுப் பணம் திரட்டி அதை மீட்டார்கள். 1952-ல் நேஷனல் டிரஸ்டிடம் ஒப்படைத்தார்கள். கோபுரம் கட்டிய சர் எட்மண்டின் பெயர் எல்லாத் தாளிலும் இருக்கிறது. இந்த மூவர் பெயரும் அதே அளவு எழுத்தில் இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

படி 10: வீட்டுக்கு வந்து சரிபாருங்கள், பக்கத்துத் தேவாலயத்தையும் விடாதீர்கள்

ஹிஸ்டாரிக் இங்கிலாந்து நிறுவனம் வைத்திருக்கும் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியல் இணையத்தில் இலவசம். மாளிகையின் பெயரைப் போட்டால் எந்தப் பகுதி எந்தக் காலம் என்று வறண்ட நடையில் வரும். அதைப் போகும் முன் படிக்காதீர்கள். முதலில் உங்கள் கண்ணால் ஊகித்துத் தரைப்படத்தில் மூன்று நிறங்களில் குறியுங்கள்: அசல், பின்னால் சேர்த்தது, சந்தேகம். அப்புறம் பட்டியலோடு ஒப்பிடுங்கள். சந்தேக நிறம் அதிகமாக இருந்தால் நன்றாகப் பார்த்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

கிளம்பும் முன் ஆக்ஸ்பரா ஊர்த் தேவாலயத்துக்கு ஒரு பத்து நிமிஷம் நடந்துவிட்டு வாருங்கள். 1948-ல் அதன் ஊசிக் கோபுரம் விழுந்து கட்டடத்தின் பெரும்பகுதியை நொறுக்கிவிட்டது. பெடிங்ஃபீல்டு சிற்றாலயம் தப்பியது. அதற்குள் 1520-களில் செய்த சுடுமண் கல்லறைத் தடுப்புகள், இத்தாலியப் பாணித் தூண்களும் கொடிகளுமாக, நிற்கின்றன. பக்லரின் புகைபோக்கிகளைக் கூர்ந்து பார்த்துவிட்டு நேரே இங்கே வந்தால், 300 வருஷ இடைவெளியில் செய்த இரண்டு சுடுமண் வேலைகளை ஒரே மத்தியானத்தில் அருகருகே ஒப்பிடலாம். விளிம்பைப் பாருங்கள், நிறத்தைப் பாருங்கள், ஒரே வடிவம் எத்தனை முறை திரும்ப வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். திறந்திருக்கும் நேரத்தை மட்டும் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மாளிகையின் நேரமும் தேவாலயத்தின் நேரமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை.